தீபாவளிச் சாயம் பொங்கலுக்குள் ஏன் உரிகிறது?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஹார்ட்வேர் கடைகளில் சாயம் கலக்கும் இயந்திரம் ஓயாமல் குலுங்கத் தொடங்கிவிடும். செண்டாயான் வட்டாரத்தில் பழைய தோட்ட வீடாக இருந்தாலும், பண்டார் ஸ்ரீ செண்டாயானில் அண்மையில் சாவி வாங்கிய தெரஸ் வீடாக இருந்தாலும், பெருநாளுக்கு முன் சுவருக்குப் புதுச் சாயம் அடித்தாக வேண்டும் என்பது நம்மவர்களின் எழுதாத சட்டம். ஆள் வைத்து அடிப்பவர்கள் உண்டு. ஆனால் பல வீடுகளில் அப்பா ஏணியில், அண்ணன் ரோலருடன், தம்பி தங்கைகள் தரையில் பழைய நாளிதழை விரித்தபடி என்று குடும்பமே கோத்தோங் ரோயோங்கில் இறங்கிவிடும். (இந்த நாளிதழும் அப்படித் தரைக்குப் போகலாம். விரிப்பதற்கு முன் இந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

பொங்கல் வருவதற்குள் குளியலறைக்கு அடுத்த சுவரில் சாயம் கொப்புளம் போல உப்பும். விரலால் தொட்டால் அப்பளம் நொறுங்குவது போல உதிரும். உடனே சாயம் மட்டமானது என்று முடிவு கட்டுகிறோம். அடுத்த ஆண்டு இன்னும் விலை உயர்ந்த டின் வாங்குகிறோம். அதுவும் அதே இடத்தில், அதே அளவுக்கு உரிகிறது. நானும் ஒருமுறை இப்படி ஒரே சுவருக்கு மூன்று ஆண்டு தொடர்ந்து சாயம் அடித்தேன். நான்காம் ஆண்டுதான் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயில் கசிவு இருப்பது தெரிந்தது. குழாயைச் சரிசெய்ய ஆன செலவு, ஒரு டின் சாயத்தின் விலையைவிடக் குறைவு.

இதில் காலமும் நமக்கு எதிராக இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் மேற்குப் பகுதியில் ஆண்டுக்கு இரண்டு முறை பருவமாற்றக் காலம் வரும். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொன்று. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு இடைப்பட்ட அந்த நாள்களில் காலை வெயிலாக இருக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எப்போதாவது வரும். ஆக, நம் சுவர்கள் மிகவும் ஈரமாக இருக்கும் காலத்தில்தான் நாம் அவற்றுக்குச் சாயம் அடிக்கிறோம். பெருநாளைத் தள்ளிப்போட முடியாது. ஆகையால் சுவரைத்தான் முன்கூட்டியே புரிந்துகொள்ள வேண்டும்.

ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும் நம் கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் மயிரிழையைவிட மெல்லிய துளைகள் நிறைந்திருக்கின்றன. சீனிக்கட்டியின் ஒரு மூலையைத் தேநீரில் தொட்டால் தேநீர் மேலே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சுவரிலும் நீர் அப்படியே நுண்புழை ஈர்ப்பால் நகர்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் அடிப்பகுதியில் ஒரு பட்டை போலத் தெரியும். கூரைத் தாழ்வாரம் இலையால் அடைத்து, மழைநீர் சுவருக்குள் இறங்கினால் கறை மேலிருந்து கீழே வரும். குழாய்க் கசிவு என்றால் கறை சுவரின் நடுவில் ஒரு தீவு போல இருக்கும். மழை இல்லாத வாரத்திலும் காயாது.

குழாய்க் கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காசு செலவில்லாத சோதனை உண்டு. இரவு படுக்கப் போகும் முன் எல்லாத் தண்ணீர்க் குழாய்களையும் மூடிவிட்டு, வீட்டுக்கு வெளியே உள்ள தண்ணீர் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மீண்டும் படம் எடுங்கள். எண் மாறியிருந்தால், எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவறைத் தொட்டியாகவும் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு வகை ஈரம் சுவருக்குள்ளிருந்து வருவதே இல்லை. அறையின் காற்றிலிருந்து வந்து சுவரில் படிகிறது. இந்த இரண்டையும் பிரித்தறிய அம்மாவின் சமையலறையிலிருந்து ஓர் அலுமினியத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். கறை உள்ள இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள தாளை அங்கே வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் அந்தக் கறை பழைய கதை, சாயம் அடிக்கலாம்.

காற்றின் ஈரம் எப்படிச் சுவரில் வந்து உட்காருகிறது? நம் நாட்டுக் காற்றின் சராசரி ஈரப்பதம் 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கும். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்று 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்கு மேல் தாங்காது, மிச்சம் நீராகிவிடும். படுக்கையறையில் இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடுகிறது. சுவரின் மறுபக்கம் சமையலறை. முறுக்குச் சுட்டு, சோறு வடித்து, நீராவி நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த சுவரைத் தொடுகிறது. சுவரின் வெப்பம் 26 பாகைக்குக் கீழே போனால் ஐஸ் மைலோ குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல அதுவும் வியர்க்கும். 27 பாகையில் நின்றால் வியர்க்காது. ஆனால் சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பூஞ்சைக்கு அதுவே போதும். இப்படிப்பட்ட சுவருக்கு விலை உயர்ந்த சாயம் எதுவும் உதவாது. சன்னலைத் திறப்பது, சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி வைப்பது, குளிர்சாதனத்தை 24 பாகைக்கு ஏற்றுவது ஆகியவைதான் மருந்து.

கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை இருந்தால் அதன் மேல் சாயம் அடிக்காதீர்கள். சாயத்துக்கு அடியில் அது தொடர்ந்து வளரும். முதலில் கையுறை போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடையுங்கள். போகவில்லை என்றால் பெரியவர் ஒருவர் பிளீச் திரவத்தை நீர்த்துப் பயன்படுத்தலாம். பிளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானையும் சேர்க்கக் கூடாது. இரண்டு திரவம் இரண்டு மடங்கு சுத்தம் செய்யும் என்று நினைத்து மூடிய குளியலறைக்குள் இதைச் செய்பவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போக நேரும்.

ஆரத்தித் தட்டும் புது வீட்டுச் சுவரும்

தோட்டப்புற லயங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த காலத்தை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். வெள்ளையடித்த சுவர் கையில் ஒட்டும், மழைக்குக் கரையும், ஆண்டுதோறும் மீண்டும் அடிக்க வேண்டும். ஆனால் அது கொப்புளம் போட்டதாக யாரும் சொல்லக் கேட்டிருக்க மாட்டீர்கள். சுண்ணாம்பு நீரில் இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. அது காற்றிலுள்ள கரியமிலவாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாகவே மாறிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பூச்சில் துளைகள் இருப்பதால் சுவரின் ஈரம் தடையின்றி வெளியேறும். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் அண்டவிடாது. இன்று நாம் அடிக்கும் சாயம் மெல்லிய நெகிழித் தோல் போன்றது. உள்ளேயிருந்து வரும் ஈரத்துக்கு வழி குறைவு. வழியில்லாத ஈரம் தோலைத் தள்ளுகிறது.

ஈரம் தனியாகவும் வருவதில்லை. செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிப் போகும். உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாக வளரும். உரிந்த சாயத்துக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிவது பூஞ்சை அல்ல, இந்த உப்புதான். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையும், பூஞ்சை கரையாது. உப்பை ஈரத் துணியால் தேய்த்தால் மீண்டும் கரைந்து உள்ளேயே போய்விடும். காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிட்டு, சுவர் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும்.

புது வீட்டில் குடியேறியவர்களுக்கு வேறொரு சிக்கல். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று வரிசை வரிசையாக வீடுகள் எழுகின்றன. புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரின் காரக் குறியீடு, அதாவது பிஎச் மதிப்பு, 12-க்கும் மேலே இருக்கும். இந்த எண்ணில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 12 உள்ள சுவர் 9 உள்ள சுவரைவிட ஆயிரம் மடங்கு காரமானது. அவ்வளவு காரம் எண்ணெய்ச் சாயத்தோடு வினைபுரிந்து அதைச் சோப்பாகவே மாற்றிவிடும். எமல்ஷன் சாயத்தின் நிறத்தையும் திட்டுத் திட்டாக வெளுக்க வைக்கும். அதனால்தான் புதுப் பூச்சை நான்கு வாரமாவது காயவிட்டு, காரத்தைத் தாங்கும் சீலர் அடிப்பூச்சு ஒன்றை முதலில் அடிக்கிறார்கள். சமையலறைச் சுவரை இடித்துப் பெரிதாக்கிய வீடுகளிலும், விரிசலுக்குப் புதுச் சிமெண்டு பூசிய இடங்களிலும் இதே விதிதான்.

சுவர் இன்னும் காரமாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மஞ்சள்தூளைக் கொஞ்சம் நீரில் கரைத்து, அதில் வெள்ளைத் தாளை நனைத்து, நிழலில் காயவிடுங்கள். சுவரில் ஓர் இடத்தைத் தண்ணீரால் ஈரமாக்கி அந்தத் தாளை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தாள் செக்கச்சிவந்தால் சுவர் கடுங்காரம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் குருதி நிறம் வருகிறதே, அதே வேதியியல்தான் இது. லேசான பழுப்பு மட்டும் வந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மஞ்சள் மிக மெல்லிய காரத்துக்கும் நிறம் மாறக்கூடியது. சரியான எண் வேண்டுமானால் பள்ளி ஆய்வுக்கூடத்தின் அனைத்துக் காட்டித் தாளில் ஒரு துண்டை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் கணக்கு

நடுவில் சாயம் தீர்ந்துபோய், மழையில் மோட்டார் சைக்கிளில் கடைக்கு ஓடுவது ஒவ்வொரு தீபாவளிக்கும் நடக்கும் காட்சி. புதிதாகக் கலக்கும் டின்னின் நிறம் பழையதோடு சற்று மாறிவிடுவதும் உண்டு. ஐந்து நிமிடக் கணக்கு இதைத் தவிர்க்கும்.

12 அடிக்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்வோம். மீட்டரில் ஏறத்தாழ 3.6, 3. நான்கு சுவர்களின் மொத்த நீளம் 13.2 மீட்டர். உயரம் 3 மீட்டர் என்றால் பரப்பு 39.6 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் 3.3 கழித்தால் 36.3. இரண்டு பூச்சுக்கு 72.6. ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்பது டின்னிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 10 என்று வைத்தால் 7.3 லிட்டர் தேவை. 5 லிட்டர் டின் ஒன்றும் 1 லிட்டர் டின் மூன்றும் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே நிற எண்ணில் கலக்கச் சொல்லுங்கள். அடிக்கத் தொடங்கும் முன் எல்லா டின்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டால் நிற வேறுபாடு சுவரில் தெரியாது. சொரசொரப்பான சுவர் அதிகம் குடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டின்னை எடுத்ததும் சுவர் முழுக்க அடித்துவிடாதீர்கள். அலமாரிக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு அடித்து, மறுநாள் பாருங்கள். ஈரச் சாயத்தின் நிறமும் காய்ந்த சாயத்தின் நிறமும் வேறு வேறு. கடையின் விளக்கில் பார்த்த மஞ்சள், உங்கள் வீட்டு வெள்ளை விளக்கில் பச்சை கலந்தது போலத் தெரியலாம். காய்ந்த இடத்தில் டேப் ஒட்டிப் பட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு சாயம் வந்தால், அதற்கு அடியில் இருக்கும் பழைய சாயமோ தூசியோ சுவரைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்போது மணல்தாளால் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்ல சாயக்காரர் தம் நேரத்தில் பாதிக்கு மேல் தேய்ப்பதிலும் துடைப்பதிலும்தான் செலவிடுவார். வீட்டில் நாம் அந்தப் பகுதியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறோம்.

எமல்ஷன் சாயத்தில் நெகிழித் துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். நீர் ஆவியாகப் போகப்போகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. ஈரக் காற்றில் நீர் மெதுவாகத்தான் போகும். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை அடித்தால் உள்ளே நீர் சிறைப்படும். டின்னில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் அக்டோபர் மாதத்தில் நான்கு மணி நேரம் விடுவது என் வழக்கம். வெளிச்சுவர் என்றால் காலைப் பனி காய்ந்ததும் தொடங்கி நண்பகலுக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்குச் சிரம்பான் பக்கம் வானம் கறுக்கத் தொடங்கினால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவதே நல்லது. அரைகுறையாகக் காய்ந்த சாயத்தில் மழை பட்டால், அதிலுள்ள சோப்புப் போன்ற பொருள்கள் கரைந்து, நத்தை ஊர்ந்தது போன்ற தடங்கள் விழும்.

ஏணி, மின்சாரம், பழைய சாயம்

இனிச் சொல்லப்போவது விளையாட்டல்ல. சாய்ப்பு ஏணிக்கு ஒரு விகிதம் உண்டு: நான்குக்கு ஒன்று. ஏணி சுவரைத் தொடும் இடம் 4 மீட்டர் உயரம் என்றால், அடிப்பாகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இன்னும் தள்ளினால் அடி வழுக்கும். நெருக்கினால் ஆள் பின்னால் சாய்வார். நாளிதழ் விரித்த தரையில் ஏணியை நிறுத்தாதீர்கள். ஓடு போட்ட தரையில் தாள் சறுக்குக்கட்டை போல ஓடும். எட்டாத மூலைக்கு உடம்பை நீட்டுவதைவிட இறங்கி ஏணியை நகர்த்துங்கள். ஏறுவது பெரியவர், கீழே பிடிப்பது நீங்கள்.

ஈரத் துணியால் சுவரைத் துடைக்கும்போது சுவிட்சும் பிளக் பாயிண்டும் குறுக்கே வரும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். ஓம் விதிப்படி வகுத்துப் பாருங்கள்: 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டமே போதுமானது. ஆகவே துடைக்கும் அறையின் மின்சாரத்தை டிபி பெட்டியில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். அந்தப் பெட்டியில் ஆர்சிசிபி என்ற கசிவு மின் துண்டிப்பான் இருக்கும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது உங்களைக் காப்பாற்றாது. அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் படியுங்கள். சில வீடுகளில் 100 மில்லி ஆம்பியர் வகை மட்டுமே இருக்கும். அது மனிதரைக் காக்கும் அளவுக்கு நுட்பமானதல்ல. அதை மாற்றுவதும், சுவிட்சை இடம் மாற்றுவதும், புது விளக்குக்கு ஒயர் இழுப்பதும் நம் வேலை அல்ல. எரிசக்தி ஆணையத்திடம் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனைத்தான் அழைக்க வேண்டும்.

மிகப் பழைய வீட்டில் கதவு, சன்னல் சட்டங்களில் அடுக்கடுக்காக எண்ணெய்ச் சாயம் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். காய்ந்த மணல்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். சிறு பிள்ளைகளின் மூளையை ஈயம் பாதிக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க எல்லையே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். முகக்கவசம் அணிய வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவது மேல். பழைய சாம்பல் நிறக் கூரைத் தகடும் மச்சுப் பலகையும் கல்நார் கலந்ததாக இருக்கலாம். உடையாமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் தீங்கு செய்யாது. துளையிட்டால், அறுத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். சந்தேகம் என்றால் தொடாதீர்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய சாயத்தை ஒரு சிறு டப்பாவில் ஊற்றி இறுக மூடி, எந்த அறை, எந்த நிற எண், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் நாற்காலி இடித்துச் சுவரில் கீறல் விழும்போது அந்த டப்பாவின் அருமை தெரியும். ரோலரைக் கழுவும் முன் அதிலுள்ள சாயத்தைப் பழைய நாளிதழில் உருட்டி எடுத்துவிடுங்கள். கழுவிய நீரை வீட்டுக்கு முன்னால் உள்ள வடிகாலில் ஊற்ற வேண்டாம். அந்த வடிகால் நீர் சுத்திகரிக்கப்படாமல் லிங்கி ஆற்றுப் படுகைக்குப் போகிறது. கழிவுநீர்க் குழாயோடு இணைந்த குளியலறைத் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுங்கள்.